வார்த்தைக் கணக்கைச் சமன்பாடாக மாற்ற எப்படிச் சொல்லிக்கொடுப்பது? எட்டாம் வகுப்பு மகள் அந்த இடத்தில்தான் நிற்கிறாள்

வைகைக்கரை | திங்கள், இரவு 9.10

வணக்கம். மகள் எட்டாம் வகுப்பு, தமிழ் வழி. சமன்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டால் பக்கம் மாற்றி, குறி மாற்றி, விடையைக் கொண்டுவந்துவிடுவாள். அதையே மூன்று வரி வாக்கியமாகக் கொடுத்தால் பேனா நகர்வதில்லை. "ஸ்டேட்மென்ட் சம் மட்டும் வேண்டாம்மா" என்கிறாள்.

நேற்று வந்த கணக்கு இது: "தந்தையின் வயது மகனின் வயதைப் போல் மூன்று மடங்கு. 12 ஆண்டுகளுக்குப் பிறகு தந்தையின் வயது மகனின் வயதைப் போல் இரு மடங்காக இருக்கும் எனில், இப்போதைய வயதுகள் என்ன?"

அவள் எழுதியது: 3அ + 12 = 2அ. (கைப்பேசியில் தட்டச்சு செய்ய வசதியாக மாறிக்குத் தமிழ் எழுத்தையே போடுகிறேன்.) விடை −12 என்று வந்தது. "வயசு எப்படிம்மா மைனஸ்ல வரும்?" என்று என்னையே கேட்டாள்.

இன்னொன்று: 10 ரூபாய், 20 ரூபாய் நோட்டுகள் சேர்த்து 18 நோட்டுகள், மொத்தம் ₹260, ஒவ்வொன்றும் எத்தனை? இதற்கு 10ப + 20இ = 18 என்று எழுதியிருக்கிறாள்.

டியூஷனில் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம், அதிகம் என்றால் கூட்டல். குறைவு, மீதி என்றால் கழித்தல். மடங்கு என்றால் பெருக்கல். அதைத் தலைகீழாக ஒப்பிக்கிறாள். ஆனாலும் சமன்பாடு வரவில்லை. நான் பி.காம். படித்தவள், கணக்கு ஓரளவு வரும், சொல்லித்தரத் தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.

---

கரும்பலகை | திங்கள், இரவு 10.25

அம்மா, நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒன்று சொல்கிறேன். "வயது எப்படி மைனஸில் வரும்" என்று கேட்கிற பிள்ளையைப் பற்றிக் கவலையே வேண்டாம். விடை வந்ததும் கோடு போட்டு மூடிவைக்கிற பிள்ளைகள்தான் அதிகம். இவள் விடையைத் திரும்பிப் பார்க்கிறாள். அந்தப் பழக்கத்திலிருந்தே தொடங்கலாம்.

மாறியை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லி, "இதுதான் விடையா, சரிபார்" என்று கேளுங்கள்.

மகனுக்கு 10 வயது என்று வைப்போம். தந்தைக்கு 3 × 10, அதாவது 30. 12 ஆண்டு போனால் மகனுக்கு 22, தந்தைக்கு 42. கணக்குப்படி அப்போது தந்தையின் வயது மகனைப் போல் இரு மடங்கு, அதாவது 2 × 22 = 44 இருக்க வேண்டும். 42 வந்திருக்கிறது, 44 வேண்டும். ஆக 10 விடை இல்லை.

விடை கிடைக்காதது பற்றி இங்கே அக்கறையில்லை. சரிபார்த்த பாதைதான் வேண்டும். அதையே பெருக்கிச் சுருக்காமல் எழுதச் சொல்லுங்கள்:

தந்தை, 12 ஆண்டுக்குப் பின்: 3 × 10 + 12
அதே தந்தை, மகனை வைத்துச் சொன்னால்: 2 × (10 + 12)

இந்த இரண்டும் ஒன்றாக வேண்டும். இப்போது 10 இருந்த இடத்திலெல்லாம் அ போடச் சொல்லுங்கள். 3அ + 12 = 2(அ + 12). அவளே எழுதிவிட்டாள். மிச்சம் அவளுக்குத் தெரிந்ததுதான்: அ = 12, தந்தைக்கு 36.

அவள் முதலில் எழுதியதில் என்ன விட்டுப்போனது என்பதும் இங்கே தெரியும். தந்தைக்கு 12 ஆண்டு கூட்டினாள், மகனுக்குக் கூட்டவில்லை. எண்ணை வைத்துச் செய்தால் இந்த மறதி வராது. தந்தைக்கு 42 வயதாகும்போது மகன் பத்து வயதிலேயே நிற்பான் என்று எந்தப் பிள்ளையும் எழுதாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. சோதனைக்கு எடுக்கிற எண் கணக்கில் ஏற்கெனவே இருக்கிற எண்ணாக இருக்கக் கூடாது. இங்கே 12ஐ எடுத்தால், பிறகு எந்த 12ஐ அ ஆக்குவது, எந்த 12ஐ விட்டுவைப்பது என்று குழம்பும். நோட்டுக் கணக்கில் 10 வேண்டாம், 7 எடுங்கள்.

பத்து ரூபாய் நோட்டு 7 என்றால் இருபது ரூபாய் நோட்டு 18 − 7 = 11. பணம் 10 × 7 + 20 × 11 = 290. வேண்டியது 260. ஆக 10அ + 20(18 − அ) = 260. அ = 10. பத்து ரூபாய் 10, இருபது ரூபாய் 8.

அவள் எழுதிய 10ப + 20இ = 18ஐ அழிக்க வேண்டாம். ஒவ்வொரு உறுப்பின் கீழும் அது ரூபாயா, நோட்டா என்று எழுதச் சொல்லுங்கள். இடப்பக்கம் முழுக்க ரூபாய், வலப்பக்கம் நோட்டு. எங்கே தவறு என்று அவளுக்கே தெரியும்.

---

இலக்கு_குரூப்4 | திங்கள், இரவு 11.02

சார் சொல்வது பள்ளிக்குச் சரி. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் இந்த இழையைப் பார்ப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். குரூப் 4இல் 200 கேள்வி, 3 மணி நேரம். அதில் திறனறிவும் மனக்கணக்கும் 25. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. நாங்கள் சமன்பாடே எழுதுவதில்லை. நான்கு விடைகளில் எது மூன்று மடங்காக இருக்கிறது என்று பார்ப்போம், 12 கூட்டினால் இரு மடங்கு வருகிறதா என்று பார்ப்போம், முடிந்தது.

நோட்டுக் கணக்கு இன்னும் சுலபம். 18 நோட்டும் பத்து ரூபாய் என்று வை. ₹180. குறைவது 80. ஒரு நோட்டை இருபதாக மாற்றினால் 10 கூடும். 80 ÷ 10 = 8. இருபது ரூபாய் நோட்டு 8. பத்து வினாடி. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் பயம் போய்விடுமே, எதற்கு அடைப்புக்குறி?

---

கரும்பலகை | செவ்வாய், காலை 6.40

> ஒரு நோட்டை இருபதாக மாற்றினால் 10 கூடும்.

தம்பி, இந்த ஒரு வரியைக் காரணத்தோடு சொல்லத் தெரிந்தவனுக்கு இயற்கணிதம் ஏற்கெனவே தெரியும். 10அ + 20(18 − அ) என்பதை மனதுக்குள் செய்திருக்கிறீர்கள். அது குறுக்கு வழியே இல்லை, நல்ல கணக்கு. நானும் அதை வகுப்பில் செய்துகாட்டியிருக்கிறேன்.

ஆனால் கேள்வியைச் சற்று மாற்றுகிறேன். பத்து ரூபாய் நோட்டுகள், இருபது ரூபாய் நோட்டுகளை விட 3 அதிகம். மொத்தம் ₹240. இப்போது "எல்லாம் பத்து" என்று தொடங்க முடியாது, ஏனென்றால் மொத்தம் எத்தனை நோட்டு என்றே தெரியாது. வேறு உத்தி தேட வேண்டும். சமன்பாடு தெரிந்தவன் 10(அ + 3) + 20அ = 240 என்று எழுதி, அ = 7 என்று போய்விடுவான். இருபது ரூபாய் 7, பத்து ரூபாய் 10.

விடைகளை வைத்துப் பார்ப்பதும் அப்படித்தான். தேர்வுத்தாளில் நான்கு விடை இருக்கும்வரை அது ஓடும். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வின் ஐந்து மதிப்பெண் கணக்கில் யாரும் நான்கு விடை தரமாட்டார்கள்.

---

இலக்கு_குரூப்4 | செவ்வாய், காலை 7.15

ஐயா, 240 கணக்கை எங்கள் முறையிலேயே போடலாம். அதிகமாக இருக்கும் 3 பத்து ரூபாய் நோட்டை எடுத்து வைத்துவிட்டால் மிச்சம் 210. அதில் இரண்டும் சம எண்ணிக்கை, ஒரு ஜோடி 30 ரூபாய், 7 ஜோடி. ஆனால் இதை யோசித்துக் கண்டுபிடிக்க எனக்குச் சமன்பாடு எழுதும் நேரத்தைவிட அதிகம் பிடித்தது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

---

நேர்கோடு | செவ்வாய், பகல் 1.30

டியூஷனில் தந்த அந்த வார்த்தைப் பட்டியலைப் பற்றி யாரும் பேசவில்லை. அதுதான் இங்கே பெரிய இடர் என்று நினைக்கிறேன். பட்டியல் பிள்ளையை வாக்கியம் படிக்கவிடாமல் செய்கிறது.

"ராணியிடம் 12 ரூபாய் இருக்கிறது. அது வாணியிடம் இருப்பதை விட 5 குறைவு. வாணியிடம் எவ்வளவு?" பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளை "குறைவு" என்ற சொல்லைக் கண்டதும் 12 − 5 = 7 என்று எழுதும். வாணியிடம் இருப்பது 17. குறைவு என்ற சொல் இருக்கிறது, செய்ய வேண்டியதோ கூட்டல். பாடநூலின் எளிய கணக்குகளில் சொல்லும் செயலும் ஒத்துப்போகும். அதனால் பட்டியல் சில மாதங்கள் வேலை செய்வது போலத் தோன்றும்.

சொல்லையும் எண்ணையும் மட்டும் பொறுக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஒரு புகழ்பெற்ற சோதனை நடந்தது. ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் எண்களைச் சேர்த்து ஒரு விடை எழுதித் தந்தார்கள். 36 என்று. கேள்விக்கு அர்த்தம் இருக்கிறதா என்று பார்க்கும் வேலையையே பள்ளி அவர்களிடமிருந்து எடுத்துவிட்டது. எனக்கு அது வருத்தமான செய்தி.

பெரியவர்களும் தப்பவில்லை. 1982இல் ஜான் கிளெமென்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் கேட்ட கேள்வி: இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் உள்ளனர். மாணவர் எண்ணிக்கை ம, பேராசிரியர் எண்ணிக்கை ப எனில் சமன்பாடு எழுது. 37 விழுக்காட்டினர் தவறாக எழுதினார்கள். அதில் பெரும்பாலோர் எழுதியது 6ம = ப.

ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தில் ஆறும் மாணவரும் முதலில் வரும், பேராசிரியர் கடைசியில் வருவார். சொற்களை வரிசையாகக் குறியீடாக்கினால் 6ம = ப என்றே வரும். தமிழில் பேராசிரியர் முதலில், பிறகு ஆறு மடங்கு, பிறகு மாணவர். வரிசைப்படி எழுதினாலே ப × 6 = ம என்று சரியாக வந்துவிடுகிறது. ஆனாலும் நான் தமிழில் கேட்டுப் பார்த்த பிள்ளைகளில் பலர் 6ம = ப என்றே எழுதினார்கள். "ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர்" என்று மனதில் படம் வரைந்துகொண்டு, அந்தப் படத்தை அப்படியே எழுதுகிறார்கள். அவர்களுக்கு ம என்பது "மாணவர்" என்ற சொல்லின் சுருக்கம். எண்ணாக அது தெரிவதில்லை.

இதற்கும் கரும்பலகை ஐயா சொன்ன மருந்துதான். பேராசிரியர் 5 பேர் என்றால் மாணவர் 30. 6 × 30 = 5 ஆகுமா?

---

வல்லைவெளி | செவ்வாய், இரவு 8.05

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் இயற்கணிதத்தை அட்சரகணிதம் எண்டு சொல்லுவம். சாதாரண தரம் எண்ட பொதுப் பரீட்சைக்குப் படிப்பிக்கிறன். நேர்கோடு கடைசியாகச் சொன்னது எங்களுக்கும் பெரிய தலையிடி. அதனால் என்ர வகுப்பில் ஒரு கட்டாயம் வைச்சிருக்கிறன். "மகன் = அ" எண்டு எழுதினால் புள்ளி இல்லை. "மகனின் இப்போதைய வயது, ஆண்டுகளில் = அ" எண்டு முழுசாக எழுத வேணும். நோட்டுக் கணக்கில் "பத்து ரூபாய் = ப" எண்டு எழுதினால் அது நோட்டோ, காசோ? "பத்து ரூபாய் நோட்டுகளின் எண்ணிக்கை = ப" எண்டு எழுதின பிள்ளை, பிறகு 10ப + 20இ = 18 எண்டு எழுதுறது குறைவு.

இரண்டு இலக்க எண் கணக்குகளிலும் இதே பிரச்சினைதான். "இலக்கங்களின் கூட்டுத்தொகை 9. இலக்கங்களை இடம் மாற்றினால் எண் 27 கூடுகிறது." பிள்ளை பத்தாமிடத்தைப் ப, ஒன்றாமிடத்தை ஒ எண்டு எடுத்திட்டு, எண் = பஒ எண்டு எழுதும். அட்சரகணிதத்தில் அது ப × ஒ. எண்ணை எழுதுறதும் எண்ணின் பெறுமானமும் வேறை எண்டு முதல்ல காட்ட வேணும். 47 எண்டால் 10 × 4 + 7. அதே மாதிரி 10ப + ஒ. இடம் மாறினது 10ஒ + ப. வித்தியாசம் 9(ஒ − ப) = 27, ஆக ஒ − ப = 3. கூட்டுத்தொகை 9. எண் 36.

---

தெம்பனிஸ்_அப்பா | செவ்வாய், இரவு 9.20

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளியில் மாடல் வரைவது என்று ஒரு முறை இருக்கிறது, 1980களில் பாடத்திட்டத்துக்குள் வந்தது. எழுத்துக்குப் பதில் செவ்வகப் பட்டை. வயதுக் கணக்கை என் மகன் இப்படிப் போடுவான்: மகனுக்கு ஒரு பட்டை, தந்தைக்கு அதே நீளத்தில் மூன்று பட்டை. 12 ஆண்டுக்குப் பின் ஒவ்வொருவருக்கும் பட்டையின் முனையில் 12 என்று ஒரு துண்டு ஒட்டுவான். மகனின் நீளம் ஒரு பட்டை + 12. அதைப் போல் இரு மடங்கு: இரண்டு பட்டை + 24. தந்தையின் நீளம்: மூன்று பட்டை + 12. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்தால் ஒரு பட்டை = 12 என்று கண்ணுக்கே தெரியும்.

வைகைக்கரை அவர்களே, உங்கள் மகளுக்கு எழுத்து பயமாக இருந்தால் சில நாள் பட்டை வரையச் சொல்லிப் பாருங்கள். பிறகு பட்டையின் மேல் அ என்று எழுதினால் போதும்.

---

வல்லைவெளி | செவ்வாய், இரவு 9.50

பட்டை நல்லது, நானும் வரையுறனான். ஆனால் வேகக் கணக்கில் பட்டை இடறும். "ஒருவர் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போய், அதே பாதையில் 40 கிலோமீற்றர் வேகத்தில் திரும்பினார். போக, வர மொத்தம் 5 மணித்தியாலம். தூரம் என்ன?" பிள்ளையள் 60 + 40 எண்டு கூட்டத் தொடங்குவினம். இல்லாட்டி சராசரி 50, 5 மணித்தியாலம், 250, அதில் அரைவாசி 125 எண்டு சொல்லுவினம். 125ஐ வைச்சுப் பாருங்கோ. போக 2 மணி 5 நிமிடம், வர 3 மணித்தியாலத்துக்கும் மேல. 5ஐத் தாண்டுது.

இஞ்ச கூட்டக் கூடியது நேரம் மட்டுந்தான். போன நேரம் + வந்த நேரம் = 5. தூரம் தூ எண்டால் தூ/60 + தூ/40 = 5. தூ = 120. "என்னத்தையும் என்னத்தையும் கூட்டலாம்" எண்ட கேள்வியைப் பிள்ளை தன்னைத்தானே கேட்க வேணும்.

---

கரும்பலகை | புதன், காலை 6.30

வல்லைவெளி சொன்னதை இன்னொரு வகையில் சொல்கிறேன். நான் வகுப்பில் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இந்தக் கணக்கில் எந்த ஓர் அளவை இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள்?" சமன்பாடு என்பது அவ்வளவுதான். வயதுக் கணக்கில் அது தந்தையின் எதிர்கால வயது. நோட்டுக் கணக்கில் மொத்தப் பணம். வேகக் கணக்கில் மொத்த நேரம். இலக்கக் கணக்கில் இடம் மாற்றிய எண். அந்த அளவைக் கண்டுபிடித்து அதன் பெயரை முதலில் எழுதிவிட்டால், சமக்குறியின் இரண்டு பக்கமும் என்ன வர வேண்டும் என்பது தானே தெரியும். பிள்ளைகள் "அ எது?" என்றுதான் முதலில் தேடுகிறார்கள். நான் "எது எதற்குச் சமம்?" என்பதை முதலில் தேடச் சொல்வேன்.

தள்ளுபடிக் கணக்கையும் பாருங்கள். "20% தள்ளுபடி போக ₹640க்கு ஒரு பொருளை வாங்கினார். குறித்த விலை என்ன?" 640இல் 20%, அதாவது 128ஐக் கூட்டி 768 என்பார்கள். 768இல் 20% தள்ளினால் 640 வருகிறதா? 614 ரூபாய் 40 காசுதான் வருகிறது. இரண்டு விதமாகச் சொல்லப்பட்ட அளவு, அவர் கொடுத்த பணம். அது ஒரு பக்கம் 640. மறுபக்கம் குறித்த விலையில் 80%. ஆக 0.8வி = 640, வி = 800.

அம்மாவுக்கு இன்னொன்று. பிள்ளை எங்கே இடறுகிறாள் என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆன் நியூமன் என்பவர் 1977இல் வகுத்தது. கணக்கை வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். என்ன கேட்டிருக்கிறார்கள் என்று சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்ல வேண்டும். எப்படிச் செய்யப் போகிறாய் என்று கேட்க வேண்டும். பிறகு செய்யச் சொல்ல வேண்டும். கடைசியில் விடையைச் சரியாக எழுதச் சொல்ல வேண்டும். எந்தப் படியில் நிற்கிறாள் என்று பாருங்கள். இரண்டாம் படியிலேயே நின்றால் அது கணக்குப் பிரச்சினையே இல்லை, வாசிப்பு. அதற்கு இன்னும் இருபது கணக்கு போடவைத்துப் பயனில்லை.

---

ஓலைச்சுவடி | புதன், பகல் 12.15

எழுத்தைக் கண்டு பயப்படும் பிள்ளைக்குச் சொல்ல நம் பக்கத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் பாஸ்கரர் 1150இல் எழுதிய லீலாவதியில் ஒரு தேனீக் கணக்கு. தேனீக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கடம்பப் பூவுக்குப் போனது. மூன்றில் ஒரு பங்கு வேறொரு பூவுக்கு. இவ்விரண்டின் வித்தியாசத்தைப் போல் மும்மடங்கு குடசப் பூவுக்கு. மிஞ்சிய ஒரே ஒரு தேனீ எங்கே போவதென்று தெரியாமல் காற்றில் அலைகிறது. மொத்தம் எத்தனை?

கரும்பலகை ஐயாவின் கேள்வியை இதில் கேட்டுப் பாருங்கள். இரண்டு விதமாகச் சொன்ன அளவு, கூட்டத்தின் மொத்தம். ஒரு பக்கம் தே. மறுபக்கம் தே/5 + தே/3 + 3(தே/3 − தே/5) + 1. தே = 15. சரிபார்க்க: 3, 5, 6, 1. இங்கே சோதனை எண் எடுப்பதானால் 5ஆலும் 3ஆலும் வகுபடும் எண் வசதி, 30 போல. 6 + 10 + 12 + 1 = 29. ஒன்று குறைகிறது.

அந்தக் காலத்தில் தெரியாத அளவுக்கு எழுத்து எங்கிருந்து வந்தது என்றால், நிறங்களிலிருந்து. முதல் தெரியா அளவுக்கு "யாவத்தாவத்" என்று பெயர், எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். இரண்டாவது காலகம், கறுப்பு. பிறகு நீலகம், பீதகம் என்று நீலமும் மஞ்சளும். எழுதும்போது யா, கா, நீ, பீ என்று முதலெழுத்து. மாறி இல்லாத எண்ணுக்கு ரூபம், சுருக்கமாக ரூ. ஆக இந்த இழையில் தமிழெழுத்தைப் போட்டு நாம் எழுதுவது புதிதொன்றும் இல்லை. மகளுக்குப் பிடித்த நிறத்தின் பெயரையே வைக்கச் சொல்லுங்கள்.

---

நேர்கோடு | புதன், பகல் 1.05

நிறம் நல்ல யோசனை, ஒரு நன்மையும் இருக்கிறது. மாணவருக்கு ம, நோட்டுக்கு நோ என்று பொருளின் முதலெழுத்தையே வைப்பதால்தான் அது சொல்லின் சுருக்கமாகப் பிள்ளைக்குத் தெரிகிறது. நீலம் எந்த மாணவரையும் குறிக்காது. அது ஓர் எண்ணாக மட்டுமே இருக்க முடியும்.

---

வைகைக்கரை | வியாழன், இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. எண்ணை வைத்துச் சரிபார்ப்பது அவளுக்குப் பிடித்துவிட்டது. வயது, நோட்டு இரண்டையும் அவளே எழுதினாள். நியூமன் முறையில் பார்த்ததில் சில கணக்குகளில் வாசிப்பில்தான் நிற்கிறாள். குறிப்பாக இந்த இரண்டும் ஒன்றே என்கிறாள்:

"ஓர் எண்ணின் மூன்று மடங்கை விட 5 அதிகம்"
"ஓர் எண்ணை விட 5 அதிகமான எண்ணின் மூன்று மடங்கு"

பிறகு பயிற்சித்தாள் ஒன்றில் "இரு மடங்கு அதிகம்" என்று வந்தது. அது 2அவா, 3அவா?

---

கரும்பலகை | வியாழன், இரவு 9.45

முதல் கேள்விக்கு: தமிழில் செயலைச் சொல்வது பெரும்பாலும் வேற்றுமை உருபு. "விட" எதன் மேல் ஏறியிருக்கிறது, "இன்" எதன் மேல் ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் வாக்கியத்தில் "மடங்கை விட" என்று இருக்கிறது. ஆக மடங்கு முதலில் முடிந்துவிட்டது, அதன் மேல் 5: 3அ + 5. இரண்டாவதில் "அதிகமான எண்ணின் மூன்று மடங்கு". 5 கூட்டிய பிறகு உண்டான புது எண்ணின் மேல் "இன்" ஏறியிருக்கிறது. அந்தப் புது எண் முழுவதும் அடைப்புக்குள்: 3(அ + 5). அ = 2 என்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், முதலாவது 11, இரண்டாவது 21.

கழித்தலில் இது இன்னும் முக்கியம். "7லிருந்து ஓர் எண்ணைக் கழிக்க" என்றால் 7 − அ. "ஓர் எண்ணிலிருந்து 7ஐக் கழிக்க" என்றால் அ − 7. எது முதலில் வருகிறது என்று பார்க்கவே கூடாது, ஏனென்றால் தமிழில் "7ஐ ஓர் எண்ணிலிருந்து கழிக்க" என்று மாற்றியும் எழுதலாம், பொருள் மாறாது. "இலிருந்து" எதில் ஒட்டியிருக்கிறதோ அதுதான் மைனஸுக்கு இடப்பக்கம்.

"இரு மடங்கு அதிகம்" என்பது மோசமான வாக்கியம். சிலர் 2அ என்ற பொருளில் எழுதுகிறார்கள், சொல்லுக்குச் சொல் பார்த்தால் 3அ. பாடநூல் பாணியில் "போல் இரு மடங்கு" என்று எழுதினால் குழப்பமே இல்லை. பயிற்சித்தாளில் வந்தால் விடைக்குறிப்பில் எதை எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவள் மேல் தவறில்லை.

---

இலக்கு_குரூப்4 | வியாழன், இரவு 10.10

நாங்கள் அந்த மாதிரி வந்தால் 2அ என்று எடுத்து, விடை பொருந்தாவிட்டால் 3அ போட்டுப் பார்ப்போம். ஐயா சொன்ன உருபுப் பார்வை எனக்குப் புதிது. இப்போதே பழைய வினாத்தாள் ஒன்றில் சில கழித்தல் கணக்குகளை இதை வைத்தே பார்த்தேன், வேகமாக வருகிறது. வயதுக் கணக்குகளுக்கும் இனி ஒரு வரி சமன்பாடு எழுதிப் பார்க்கப் போகிறேன்.

---

கரும்பலகை | வெள்ளி, காலை 6.20

அம்மா, அடுத்த படி ஒன்று சொல்கிறேன். இனி திசையை மாற்றுங்கள். சமன்பாட்டை நீங்கள் கொடுங்கள், அதற்குக் கதையை அவள் எழுதட்டும். 2அ + 5 = 3அ − 4 என்று கொடுத்துப் பாருங்கள். தீர்க்க வேண்டாம், கதை மட்டும்.

---

வைகைக்கரை | சனி, மாலை 5.15

எழுதிவிட்டாள். அப்படியே தருகிறேன்: "என் பிறந்தநாளுக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கு 2 மிட்டாய் கொடுத்தால் 5 மிட்டாய் மிஞ்சும். ஆளுக்கு 3 கொடுத்தால் 4 மிட்டாய் பத்தாது. எத்தனை பேர் வந்தார்கள்?" 9 பேர், 23 மிட்டாய் என்று தீர்த்தும் காட்டினாள். "ரெண்டு பக்கமும் மிட்டாய்தாம்மா, அதனாலதான் சமம்" என்றாள். இதை நான் சொல்லித்தரவே இல்லை.

---

வல்லைவெளி | சனி, மாலை 6.00

அருமையான கணக்கு. என்ர வகுப்பிலும் கொடுக்கப் போறன், பிள்ளையிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ.

---

கரும்பலகை | சனி, இரவு 7.30

மிகவும் மகிழ்ச்சி அம்மா. அவள் அ என்று வைத்தது வந்தவர்களின் எண்ணிக்கை. அதே கதையில் மிட்டாய்களின் எண்ணிக்கையை மி என்று வைத்து இன்னொரு சமன்பாடு எழுத முடியுமா என்று கேளுங்கள். அப்போது இரண்டு விதமாகச் சொல்லப்படும் அளவு மாறிவிடும், ஆட்களின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் வரும். 5 மிட்டாயை எடுத்துவைத்தால் ஆளுக்கு இரண்டு சரியாக வரும், 4 மிட்டாய் கூட வாங்கினால் ஆளுக்கு மூன்று சரியாக வரும்: (மி − 5)/2 = (மி + 4)/3. இதை முன்கூட்டியே காட்டிவிட வேண்டாம். 31 மிட்டாய் என்று வைத்து அவளே சரிபார்க்கட்டும், ஒரு வழியில் 13 பேர் என்று வரும், மறுவழியில் 12க்கும் கொஞ்சம் குறைவாக வந்து நிற்கும். அங்கிருந்து அவளே எழுதிவிடுவாள்.